பிள்ளை எத்தனை கிலோ என்று மருந்துக் கடையில் கேட்டார்களா?



பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு முள் கொஞ்சம் ஆடினால்கூட நாம் சும்மா இருப்பதில்லை. கிராணி அரை கிலோ குறைத்து எழுதிவிட்டால் அன்றைக்குப் பெரட்டுக் களமே இரண்டுபடும். செம்பனைக் குலையை டிம்பாங் போடாமல் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "முதலாளி எதைக் கொடுக்கிறாரோ கொடுக்கட்டும்" என்று யாராவது வீட்டுக்குப் போவோமா? மாட்டோம். எடை என்றால் கூலி, கூலி என்றால் சோறு. இது நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த பாடம்.

ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்துக் கடைக்கு ஓடும்போது மட்டும் இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடுகிறோம். கடைக்காரரும் மறந்துவிடுகிறார். "பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து கொடுங்க" என்கிறோம். "வயசு எத்தனை?" என்கிறார். "ரெண்டு" என்கிறோம். ஒரு போத்தல் வருகிறது, காசு போகிறது, வேலை முடிந்தது. பிள்ளை எத்தனை கிலோ என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

மருந்துக் கடை நமக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் டிரசர் ஐயா இருந்தார். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அவரிடம் நமக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. எதற்கெடுத்தாலும் ஒரே சிவப்புத் தண்ணி மருந்து என்று கேலி பேசியவர்கள்தானே நாம்! ஆனாலும் லயத்தில் எந்தப் பிள்ளை நோஞ்சான், எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு தோட்டங்கள் துண்டு போடப்பட்டன, வீடமைப்புக்கு விற்கப்பட்டன, ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன. பல இடங்களில் டிரசரும் போனார், மருந்தறையும் பூட்டப்பட்டது. செபராங் பிறை பக்கம் இன்றைக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நிபோங் திபால், சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம் என்று பட்டணத்துக்குத்தான் மோட்டார் சைக்கிளை முடுக்க வேண்டியிருக்கிறது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். மறுக்கவில்லை. ஆனால் காலையில் வரிசை பிடிக்க வேண்டும், அன்றைய கூலி போகும். வேலை முடிந்து, குளித்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது மாலை ஆறு மணி. அந்நேரத்தில் திறந்திருப்பது மருந்துக் கடை. அங்கே டாக்டர் பீஸ் கிடையாது. ஆகவே வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்த மருந்தாளுநர்தான் நடைமுறையில் நம் பிள்ளைகளின் முதல் டாக்டர். அந்த வேலைக்கு அவர் தயாராக இருக்கிறாரா என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லையா?

அவர் படிக்காதவர் அல்லர். நான்கு ஆண்டு பட்டப்படிப்பு, அதற்கு மேல் ஓராண்டு பயிற்சி, அப்புறம்தான் பதிவு. இந்நாட்டில் மருந்தாளுநர் படிப்பை முதன்முதலில் தொடங்கிய பல்கலைக்கழகமே நம் பினாங்கில்தான் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972-இல் அந்தப் பள்ளி ஆரம்பமானது. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தைகள் வார்டு மருந்துகளை மருந்தாளுநர்கள் எடை பார்த்து, கணக்குப் போட்டு, சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கேற்ற தண்ணி மருந்து கிடைக்காதபோது, பெரியவர்களின் மாத்திரையை அரைத்து மருந்துத் திரவமாகக் கலக்கிக் கொடுப்பதும் அவர்கள்தான். சாமான்யமான வேலையல்ல அது.

அப்படியானால் கடையில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள்? ஆஸ்பத்திரியில் பிள்ளையின் எடை கட்டில் தாளில் எழுதியிருக்கும். கடையில் அந்தத் தாள் கிடையாது, வாய் திறந்து கேட்டால்தான் தெரியும். சில பெரிய கடைகளில் மருந்தாளுநர் உள்ளே எங்கோ இருக்கிறார், முன்னால் நிற்கும் விற்பனைப் பெண் 'புரோமோஷன்' விட்டமினை நம் தலையில் கட்டப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை, அவளும் நம்மைப் போல ஒரு கூலிதான். தனியார் கிளினிக்கிலோ மருந்தாளுநரே கிடையாது. 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி டாக்டர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கலாம். டாக்டர் எழுதுவார், கவுன்டரில் உள்ள பெண் போத்தலில் ஊற்றி, லேபிள் ஒட்டி நீட்டுவாள். இரண்டாவது ஆள் சரிபார்க்கும் பேச்சே இல்லை.

சரி, எடை கேட்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது? கணக்கைப் பாருங்கள்.

காய்ச்சலுக்கு எல்லாரும் கொடுக்கும் பாராசிட்டமோல் நல்ல மருந்து, சரியாகக் கொடுத்தால் ஆபத்தில்லாத மருந்து. பிள்ளைகளுக்கு அது ஒரு கிலோ எடைக்கு, ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு அதிகம் போனால் 150 மில்லிகிராம். இது வரைக்கும் சிக்கலில்லை. சிக்கல் போத்தலில் இருக்கிறது. மில்லிகிராம் என்பது மருந்தின் எடை, மில்லி என்பது அந்த மருந்து கலந்த தண்ணியின் அளவு. இரண்டும் வேறு. நம் கடைகளில் ஒரே பாராசிட்டமோல் மூன்று வேகத்தில் கிடைக்கிறது. ஒரு வகை, 5 மில்லித் தண்ணியில் 120 மில்லிகிராம். இன்னொரு வகை, அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். மூன்றாவது, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. சின்னப் போத்தல்தான், ஆனால் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்!

அந்த 10 கிலோ பிள்ளைக்கு முதல் போத்தலில் 6 மில்லிக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டாவதில் 3 மில்லி போதும். சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லியே போதும். இப்போது ஒரு தாய், போன மாதம் அக்கா வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பார்த்து, "சின்னப் புள்ளைக்கு 6 மில்லி" என்று மனதில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 6 மில்லி கொடுத்துவிட்டால்? 600 மில்லிகிராம், நான்கு மடங்கு! நாளைக்கு நான்கு வேளை, இரண்டு நாள் என்று போனால் அந்தப் பிள்ளையின் ஈரல் என்னாகும்? ஈரலைக் கெடுக்கும் விஷயத்தில் பாராசிட்டமோல் ஒரு கள்ளன். முதல் நாள் வாந்தியோடு நின்றுவிடும், சில பிள்ளைகளுக்கு அதுகூட இராது. பிள்ளை விளையாடும், நாமும் 'ஒண்ணுமில்லை' என்று இருந்துவிடுவோம். ஈரல் கெட்டது வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் ஆகும். மாற்று மருந்து உண்டு, ஆனால் மிகுதியாக உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும். ஆகையால் அளவு தவறிப்போனது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பினாங்கு பல்கலைக்கழகத்திலேயே 1994-இல் அமைக்கப்பட்ட தேசிய விஷ முறிவு ஆலோசனை மையம் இருக்கிறது. 1-800-88-8099 என்ற எண்ணில் பேசலாம், கட்டணமில்லை. போனில் ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக ஆஸ்பத்திரிப் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சொட்டு மருந்துக்கு எழுதிய ஒன்றரை மில்லியை 120 வேகப் போத்தலில் கொடுத்தால் கால்வாசி மருந்துகூடப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. காய்ச்சல் இறங்காது. 'இந்த மருந்து கேக்கல' என்று இன்னொரு கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவோம். அந்தச் சளி மருந்துக்குள்ளும் பாராசிட்டமோல் ஒளிந்திருக்கும். கிளினிக்கில் ஆசனவாயில் வைத்தார்களே, அதுவும் பெரும்பாலும் அதே பாராசிட்டமோல்தான். மூன்று பெயர், ஒரே சரக்கு. வீட்டில் ஏற்கெனவே என்ன கொடுத்தீர்கள் என்று கேட்காத மருந்தாளுநர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

வயதை மட்டும் கேட்டால் போதாதா என்பீர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வயதுக்கேற்ற எடை இல்லாமல் இருக்கிறார்கள் என்பது ஆயாக் கொட்டகையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். இரண்டு வயதாகியும் பத்து கிலோவைத் தாண்டாத பிள்ளை உண்டு. போத்தலில் வயதுக்கு அச்சடித்திருக்கும் அளவு ஊட்டமான பிள்ளையை நினைத்து அச்சடித்தது. வறுமையில் வளரும் பிள்ளைக்கு வயதுக் கணக்கு மருந்தை மிகுதியாக்கிவிடும். இதனால்தான் எடைக் கேள்வியை வெறும் வைத்திய நுணுக்கம் என்று நாம் ஒதுக்குவதில்லை. அது கூலிக்காரன் பிள்ளைக்கு நியாயம் கேட்கும் கேள்வி.

எடைக் கணக்கோடும் விஷயம் முடிவதில்லை. பிள்ளையின் உடம்பு பெரியவர் உடம்பைப் போல மருந்தைக் கழிப்பதில்லை. குளோரம்பெனிக்கால் என்ற மருந்தைப் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுத்து, அவை சாம்பல் நிறமாகி இறந்ததை 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். பிஞ்சு ஈரலால் அம்மருந்தை உடைக்க முடியவில்லை. ஆஸ்பிரின், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோயைக் கொண்டுவரும் என்று 1980-களில் எச்சரித்தார்கள். தெத்ராசைக்ளின் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பல்லை மஞ்சளாக்கிவிடும். இவ்வளவும் தெரிந்த பிறகும், குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போட உலக சுகாதார நிறுவனத்துக்கு 2007 வரை பிடித்தது! பிள்ளைகளைப் பற்றிய நினைப்பு உலகத்துக்கே தாமதமாகத்தான் வந்திருக்கிறது.

இருமல் மருந்து விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. நம் சனங்களுக்கு இருமல் மருந்தில் அபார நம்பிக்கை. பிள்ளை இருமினால் ஒரு போத்தல் வாங்காத வரை மனசு ஆறாது. ஆனால் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதியே, இவ்வகைச் சளி இருமல் மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. இரண்டு முதல் ஆறு வயது வரை டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்டு, எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும். அந்த வாசகத்தைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

2025-இல் நம் உறவுக்காரர்கள் வாழும் தமிழ்நாட்டிலிருந்து வந்த செய்தியைக் கேட்டிருப்பீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிப்' என்ற இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா பக்கம் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். தமிழ்நாட்டு அரசு சோதித்த மாதிரியில் டை எத்திலின் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. இருக்கக்கூடிய எல்லை 0.1 விழுக்காடு. போத்தலில் ஏறக்குறைய பாதி விஷம்! அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையின் உரிமம் ரத்தானது. இது புதிய கதையும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் எழுபது பிள்ளைகளுக்குக் குறையாமல் போனார்கள். அதே ஆண்டு நம் கடலுக்கு அந்தக் கரையிலுள்ள இந்தோனேசியாவில் 200-க்கும் மேல்.

மருந்தாளுநர் என்ன செய்வார், நச்சை மோந்து பார்த்தா கண்டுபிடிப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நச்சைக் கண்டுபிடிப்பது அரசாங்கச் சோதனைச் சாலையின் வேலைதான். ஆனால் 'கோல்ட்ரிப்' போன்ற கலவையை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. எழுதிய டாக்டர் அதை மதித்திருந்தால், "இந்த வயசுக்கு இது ஆகாது, ஐயா" என்று விற்றவர் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தச் சின்னஞ்சிறுசுகளில் பலருடைய கைக்கு அப்போத்தல் போயிருக்காது. வாசலில் நிற்கும் காவல்காரர் எல்லாத் திருடனையும் பிடிக்க முடியாது. அதற்காகத் தூங்கலாமா?

ஆகவே, மருந்து தர மறுக்கும் மருந்தாளுநர் மேல் நமக்குக் கோபம் வரக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலா, "மருந்து இல்லை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பவர் நல்லவர். டெங்கி இருக்கலாம் என்று தோன்றினால் ஐபுபுரோபென் கொடுக்க மாட்டேன், இரத்தக் கசிவு வரும் என்பவர் நல்லவர். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்த மருந்து கேட்டால், அதைக் கொடுக்காமல் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்து, எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று காட்டுபவர் ரொம்ப நல்லவர். 1990-இல் பாகிஸ்தானில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெராமைட் சொட்டு மருந்தால் கைக்குழந்தைகள் இறந்த பிறகுதான் கம்பெனி அந்தச் சொட்டு மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்தது. பிள்ளைக்கு ஜி6பிடி குறை உண்டா என்று கேட்பவரும் விஷயம் தெரிந்தவர். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்து, கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். அக்குறையுள்ள பிள்ளைக்குச் சில மருந்துகளும், துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையும்கூட இரத்தத்தை உடைத்துவிடும்.

இனி நம் பங்கு. கடைக்குப் போகும்போது பிள்ளையின் கிளினிக் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எடை எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். கடையில் தமிழ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நாம் பேசுகிற பாசார் மலாய் போதும். "அனாக் சாயா செபுலோ கிலோ" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். "பெராப்பா எம்.எல்.? செஹாரி பெராப்பா காலி?" என்று கேளுங்கள். "உபாட் இனி அடா பாராசிட்டமோல்?" என்றும் கேளுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று ஏழு பிடிக்கும். ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று கேட்டு வாங்கி, எது வரைக்கும் உறிஞ்ச வேண்டும் என்று அவர் கையாலேயே பேனாவில் கோடு போடச் சொல்லுங்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லாததைச் சந்தைக் கடையிலோ ஊரிலிருந்து வந்தவர் பையிலிருந்தோ வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கிளினிக்கில் கொடுக்கும் வெள்ளைப் போத்தலில் 'காய்ச்சல் மருந்து' என்று மட்டும் எழுதியிருந்தால் மருந்தின் பெயரையும் வேகத்தையும் எழுதித் தரக் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆனால் எல்லாச் சுமையையும் தாய்மார் தலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள நாம் விட மாட்டோம். மருந்துக் கடை உரிமம் கேட்பவர் கடையில் ஒரு தராசு வைக்கட்டும். விட்டமின் அடுக்க அவ்வளவு இடம் இருக்கிறதே, ஒரு தராசுக்கா இடமில்லை? பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதை மருந்தாளுநர்களுக்குப் படிக்கும்போது ஒரு தடவை சொன்னால் போதாது, வேலையில் இருக்கும்போதும் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்க வேண்டும். பாராசிட்டமோலின் மூன்று வேகத்துக்கும் மூன்று நிறப் பெட்டி, நான்கு மொழியில் எழுத்து என்று அரசாங்கம் சட்டம் போடலாம். சிகரெட்டுப் பெட்டியில் படமே போட வைத்த அரசாங்கத்துக்கு இது பெரிய காரியமா? 1969-இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் மருந்துக் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்ற ஊர் இது. இந்தக் கோரிக்கை இங்கிருந்து கிளம்புவதுதான் பொருத்தம்.

தோட்ட நிர்வாகத்துக்கும் ஒன்று. மருந்தறை இருக்கும் தோட்டத்தில் பிள்ளைகளுக்கான தராசும், சிரிஞ்சும், அளவுப் பட்டியலும் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளை நிறுத்து எழுத வேண்டும். குலைக்கு லட்சக்கணக்கில் தராசு வைத்திருப்பவர்கள் பிள்ளைக்கு ஒரு தராசு வைக்க முடியாதா? உங்கள் தோட்டத்தில் அது இருக்கிறதா, இருந்தும் துருப்பிடித்துக் கிடக்கிறதா என்பதை நேரில் போய்ப் பார்த்து, இந்த மாதக் கூட்டத்துக்கு முன் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். நிர்வாகத்தோடு அடுத்துப் பேச உட்காரும்போது அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.